லாரி வராத வியாழக்கிழமை

ஷீலா பிறந்தபோது, தொப்புள்கொடி வெட்ட நர்ஸம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் பிள்ளை குப்புறப் புரண்டுவிட்டதாம். அன்றைக்கு அந்த வார்டில் இருந்தவர்கள் யாரும் இப்போது கையில் அகப்படாததால், இல்லையென்று சாதிக்கவும் ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சு தினம் ஒரு முழம் நகர்ந்து நகர்ந்து, வருஷக் கடைசியில் அடுத்த வகுப்புக்கே போய்விட்டது. அவள் பாஸானதே அப்படித்தான் என்று டீச்சர் சொன்னதுண்டு. கல்யாணத்தன்று ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை தூக்கிய நேரம் பார்த்து, மணப்பெண் எழுந்து நாஸ்டா பந்திக்குப் போய், வடை எல்லார் இலைக்கும் வந்ததா என்று ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். அவள் புருஷன் அசோகன் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் யார் கேட்டாலும் சொல்வான்: "அன்னிக்குத் தாலியக் கையில வெச்சிகினு எழுந்தவன்தான் நைனா. இன்னிக்கு வரைக்கும் அவ பின்னாலதான் ஓடிக்கினு கீறேன்."

இப்படிக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் குடியிருந்தது அலமேலு தோட்டத்தில். தோட்டம் என்று பேர்தானே தவிர ஒரு செடி கிடையாது. ராஜா அண்ணாமலைபுரத்துப் பெரிய வீடுகளின் பின்சுவர் முடிகிற இடத்தில், அடையாற்றுச் சேற்றை ஒட்டி, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற வீடுகள். பாதிப் பேரைச் சட்டி பானையோடு வண்டியேற்றி ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்குக் கொண்டுபோய் விட்டாகிவிட்டது. மீதிப் பேர் அடுத்த வண்டி எப்போது வருமோ என்ற நினைப்போடு உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். குழாய் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அதில் காற்று வந்தது. நல்ல காற்று. பிறந்தநாள் வந்தால் பிள்ளைகள் அதில்தான் பலூன் ஊதுவார்கள். தண்ணீர் மட்டும் திங்கள், புதன், வெள்ளி சாயங்காலங்களில் லாரியில் வந்தது.

லாரிக்கு ரொம்ப முன்னாலேயே குடங்கள் வரிசையில் நின்றுவிடும். குடம் இல்லாதவர் செங்கல் வைப்பார்; செங்கல்லும் இல்லாதவர் ஒற்றைச் செருப்பை வைப்பார். அந்தச் செருப்பை யாரும் நகர்த்த முடியாது. நகர்த்தினால் அதன் ஜோடியால் விழும். ஆனாலும் ஆள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். லாரி வந்துவிட்டால் செருப்பா போய்க் குழாயைப் பிடிக்கும்?

அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிஷாவுக்கு யோசனை பிறந்தது. நிஷா பெசன்ட் நகர்ப் பெண், நாடகம் படித்தவள். மக்கள் பிரச்சினையை மக்களே நடிக்க வேண்டும் என்ற கொள்கைக்காரி. தி.நகரில் உள்ள ஓர் அறக்கட்டளை அவள் கொள்கைக்கு வருஷாவருஷம் கைகொடுத்தது. அரங்கத்தில் நாலு பேரைப் பிடித்து உட்கார வைக்க முட்டி தேய்கிறது; இங்கே ஒரு தெருவே நிற்கிறது, நகரவும் முடியாமல் நிற்கிறது. இதைவிட நல்ல ரசிகர்கள் எந்த நாடகக்காரிக்குக் கிடைத்தார்கள்?

நாடகத்தின் பேர் 'இன்ஜினியர் பார்வையிடுகிறார்'. முதலில் இன்ஜினியராக நடிக்க இருந்தவன் லாரன்ஸ். சாந்தோம் பக்கம் கோயில் திருவிழாக்களில் பேண்டு டிரம் அடிக்கிறவன். டிரம்மில் ஊரை எழுப்புகிறவனுக்கு, வசனம் என்று வந்தால் தொண்டைக்குள் எலி புகுந்துகொண்டது. ஒத்திகையைத் துடைப்பமும் கையுமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஷீலாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்ஜினியரு இப்பிடியாம்மே நிப்பாரு? இது கடன் கேக்க வந்தவன் நிக்கிற மாரி கீது. தள்ளு."

அசோகனின் பேன்ட், கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி, ஒரு குடை. அவ்வளவுதான். நடக்கும்போது தொந்தி முதலில் வந்து சேரும், இன்ஜினியர் கொஞ்சம் பொறுத்து வருவார். பிளாஸ்டிக் நாற்காலியில் கைக்குட்டை விரித்து, அதை ஊதி, உட்காரப் போய், பாதியில் போன் வந்து எழுந்து, மறுபடி கைக்குட்டையை ஊதுவார். தெரு சிரித்த சிரிப்பில் ஆற்றங்கரைக் கொக்குகள் கிளம்பிப் பள்ளிக்கரணையில் போய் இறங்கின. அந்தத் தொந்தி நடை, ஷீலா பத்துப் பாத்திரம் தேய்க்கிற மயிலாப்பூர் வீட்டு மாமாவுடையது. பேங்கில் பெரிய வேலையில் இருந்து ரிடையராகி, தொலைந்துபோன கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிறவர். அவருக்கு இது தெரியாது.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. லாரன்ஸ் டிரம்மைத் தட்டுவான், ஜனம் கூடும், இன்ஜினியர் வருவார், சிரிப்பார்கள், லாரி வரும். லாரி வந்ததும் நாடகம் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியிலேயே அறுந்துபோகும். இன்ஜினியரே குடையை எறிந்துவிட்டுத் தன் குடத்துக்கு ஓடுவார். கடைசிக் காட்சி ஒன்று உண்டு. இன்ஜினியருக்குத் தாகம் எடுத்து, வீடு வீடாகத் தண்ணீர் கேட்டு, கிடைக்காமல், நடுத்தெருவில் நிற்கிற காட்சி. அதை ஷீலா ஒத்திகையில் நடித்ததோடு சரி. அலமேலு தோட்டத்தில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

புழு புகுந்தது ஒரு புதன்கிழமை. நுழைத்தவள் ஜானகி.

ஜானகி, ஷீலாவுக்கு நேர் எதிர் வீடு. மீன் விற்கிறவள். விடிகாலையில் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் கூடை நிரப்பி, மதியத்துக்குள் காலி செய்துவிட்டு வருகிறவள். அவள் வாயிலிருந்து பாராட்டு வருவதைவிட வஞ்சிரம் முட்டை போடாமல் குட்டி போடுவது சுலபம். அன்றைக்கு நாடகம் அறுந்து, எல்லாரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஷீலா கொஞ்சம் மிதப்பில் சொன்னாள்:

"பாத்தியா யக்கா, இன்னிக்கு இன்னா கூட்டம்! எள்ளு போட்டா எண்ணெதான்."

"ஆமாண்டி. உன் மூஞ்சியப் பாக்கத்தான் வேலை வெட்டிய உட்டுட்டு வந்துகினு கீறாங்க," என்றாள் ஜானகி, குடத்தின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "தண்ணிக்கு நிக்கிறோம். நீ நடுவுல வந்து ஆடுறே. ஈ மொய்க்கிற எடத்துல நின்னுகினு எனக்குத்தான் கூட்டம்னு சொல்லிக்கினா எப்பிடி?"

சுற்றி நின்றவர்கள் இன்ஜினியருக்குச் சிரித்ததைவிட இதற்கு அதிகமாகச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து ஷீலாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே நிலைகொள்ளாதவள், இப்போது கேட்க வேண்டுமா? ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டு அதில் துணி நனைத்தாள். நடிக்கும்போது ஜனங்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுக் கண் போகும் பக்கத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே தெருமுனையைப் பார்க்கிறார்களே, லாரிக்குத்தானே? கை தட்டுகிறவளின் ஒரு கால் குடத்தின்மேல் இருக்கிறதே? ஒரு வருஷமாக யாருக்கு ஆடினோம்?

"தண்ணிக்கு வந்தா இன்னா, உனுக்கு வந்தா இன்னா? சிரிச்சாங்கல்ல?" என்றான் அசோகன்.

"ஆட்டோல ஏர்றவன் உன் அழகுக்கா ஏர்றான்னு கேட்டா நீ சும்மா இருப்பியா?"

"என் அழகுக்கும்தான் ஏர்றாங்க," என்று அவன் சீப்பை எடுத்தான். அவனிடம் பேசிப் பயனில்லை.

மயிலாப்பூர் வீட்டில் மகதி மாமி சாதகம் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தாள். மகதி பாட்டுக்காரி. மார்கழியில் சபாக்களில் மதியம் டிக்கெட் இல்லாத கச்சேரிகள் பாடுகிறவள். இவளைக் கேட்டால் தெரியும் என்று ஷீலாவுக்குத் தோன்றியது.

"மாமி, நீங்க பாடுறதுக்கு வர்றவங்க, பாட்டுக்குத்தான் வர்றாங்கன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மகதி டம்ளரைப் பாதியில் நிறுத்தினாள். "யாருடி சொன்னா பாட்டுக்கு வரான்னு? பாதிப்பேர் கேன்டீன்ல கீரை வடை போட்டாச்சான்னு பாத்துண்டுதான் உள்ள வரா. நான் வர்ணம் பாடச்சே ஏப்பம் கேக்கும். தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சா சாம்பார் வடைக்குப் போயிடுவா."

"கேன்டீன் லீவு உட்டா?"

"ஒரு தரம் விட்டா. கான்ட்ராக்டருக்கும் சபாவுக்கும் சண்டை."

"அன்னிக்கு எத்தினி பேரு வந்தாங்க மாமி?"

மகதி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தொண்டை கட்டிண்டுடுத்துன்னு சொல்லிக் கச்சேரியை கேன்சல் பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதே." பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, "அதெல்லாம் தெரிஞ்சுக்கப்படாது ஷீலா. தெரிஞ்சுண்டா பாட முடியாது," என்றாள்.

ஷீலா அன்று தேய்த்த தேய்ப்பில் எவர்சில்வர் தட்டுகள் காகிதம் மாதிரி ஆகிவிட்டன.

அந்த வாரமே நிஷா ஓடிவந்தாள். அறக்கட்டளையிலிருந்து குருபிரசாத் என்று ஒருவர் வரப்போகிறாராம். நாடகத்தால் என்ன மதிப்பு, யாருக்கு என்ன பயன் என்று பார்த்துச் சொல்வாராம். அவர் நல்லதாகச் சொன்னால் அடுத்த வருஷமும் நாடகம் உண்டு. இல்லாவிட்டால் இன்ஜினியர் குடையை மடக்க வேண்டியதுதான்.

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லிருக்கேன் ஷீலாக்கா. ஃபுல் கூட்டம் இருக்கும். கலக்கிடலாம்."

"வெள்ளி வாணாம். வியாழன் வெச்சிக்க."

"வியாழன் லாரி வராதே!"

"அதான் சொல்றேன்."

நிஷாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, ஒருத்தரும் வர மாட்டாங்க! வந்தவர் காலித் தெருவப் பாத்துட்டு, மக்கள் பங்கேற்பே இல்லன்னு சொல்லிடுவார். எல்லாம் போயிடும்."

"யாரும் வரலைன்னா அதானே மதிப்பு? அத்தத்தானே பாக்க வர்றாரு?"

"இப்படியெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்கக்கா! மியூசியத்துல ஏசி போட்டிருக்காங்க, ஏசிக்கு வந்தவங்க எத்தன பேருன்னு யாராவது கேக்கறாங்களா?"

"எனுக்குத் தெரியணும்மா. தெரியாம இனிமே என்னால அந்தக் கைக்குட்டைய ஊத முடியாது. வெள்ளிக்கெழமைதான்னா வேற இன்ஜினியரப் பாத்துக்க."

வேறு இன்ஜினியர் என்றால் லாரன்ஸ்தான். எலித்தொண்டை. நிஷா அன்று மாலையே குருபிரசாத்துக்குப் போன் செய்து நாளை மாற்றினாள். என்ன காரணம் சொன்னாள் என்பது அவளுக்கும் அவள் கொள்கைக்கும்தான் வெளிச்சம்.

வியாழக்கிழமை வந்தது. குருபிரசாத் சின்ன வயதுக்காரர், கசங்காத சட்டை, தோளில் பை, சிரித்த முகம். அவருக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு நாய் இருந்தது. அதுவும் ஷீலாவைப் பேன்ட்டில் பார்த்ததும் எழுந்து போய்விட்டது. ஷீலா தன் வீட்டுக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பதும், குடையை விரிப்பதும், மடக்குவதும், வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பதுமாக இருந்தாள். மகதி மாமி சொன்ன தொண்டைக்கட்டு எவ்வளவு நல்ல வியாதி என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அடிக்கட்டுமா?" என்றான் லாரன்ஸ்.

"அடிடா. வர்றது வரட்டும்."

லாரன்ஸ் டிரம்மைத் தட்டினான். தட்டின கையோடு, அலமேலு தோட்டத்துச் சந்து பொந்தெல்லாம் கதவு திறந்தது. பச்சைக் குடம், சிவப்புக் குடம், மஞ்சள் குடம். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, கையில் ஒன்று. குளித்துக்கொண்டிருந்தவள் சோப்பு நுரையோடு வந்தாள். தொட்டிலில் இருந்த பிள்ளையை ஒருத்தி குடத்துக்குள் வைத்துத் தூக்கிவந்தாள் என்றுகூடப் பேச்சு. ஒரு வருஷமாக டிரம் கேட்டால் லாரி என்று பழகிய கால்கள். கிழமையை யார் பார்த்தார்கள்? இரண்டு மூச்சு விடுவதற்குள் வரிசை நின்றது. இடம் பிடிப்பதில் ஒரு சண்டையும் தொடங்கியது.

"இன்னா ரெஸ்பான்ஸ்!" என்று குருபிரசாத் எழுந்தே நின்றுவிட்டார். "குடத்தோட வர்றாங்களே, இது நாடகத்துல ஒரு அங்கமா?"

நிஷா, ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் தலையை வட்டமாக ஆட்டினாள்.

ஷீலா கதவிடுக்கு வழியாகக் குடங்களை எண்ணினாள். யாரும் வராமல் இருந்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருக்கலாம். இத்தனை பேரும் வந்திருக்கிறார்கள், இத்தனை பேர் கையிலும் குடம். இதைவிடத் தெளிவாக ஜானகிகூடச் சொல்ல முடியாது. அவள் விடுவிடுவென்று நடுத்தெருவுக்கு வந்தாள். நடை இன்ஜினியருடையது அல்ல, அவளுடையதே.

"லாரி வரலே! இன்னிக்கு வியாழன். எல்லாம் வூட்டுக்குப் போங்க!"

தெரு ஒரு தரம் முனையைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வெடித்தது.

"அப்ப எதுக்குடா கஸ்மாலம் டிரம்மத் தட்னே?" லாரன்ஸ் டிரம்முக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"அடுப்புல கொழம்ப உட்டுட்டு வந்தேன், பேமானிங்களா!"

"நாடகம் போடத்தான் தட்னோம்," என்றாள் ஷீலா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "தண்ணி கெடையாது. வெறும் நாடகந்தான்."

சோப்பு நுரைக்காரி திட்டிக்கொண்டே போனாள். குழம்புக்காரி போனாள். இன்னும் சிலர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். குருபிரசாத் மெல்ல உட்கார்ந்தார். ஷீலா கண்ணாடியைக் கழற்றப் போனாள்.

அப்போது ஒரு பெண்பிள்ளை, "வந்ததுதான் வந்தோம்," என்று தன் பச்சைக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தினாள். "ஆரம்பிம்மே, கால் வலிக்குது." அவளைப் பார்த்து இன்னொருத்தி. டொக், டொக் என்று குடங்கள் கவிழும் சத்தம் தெருமுனை வரைக்கும் போயிற்று. எல்லாரும் அல்ல. வந்ததில் பாதிகூட இருக்காது. ஆனால் உட்கார்ந்தவர்களுக்குக் கீழே கவிழ்ந்த குடம்.

ஜானகி மட்டும் குடத்தைக் கவிழ்க்கவில்லை. இடுப்பில் வைத்தபடி சுவரோரம் நின்றாள். "நான் போறேம்பா. எனுக்கு வேல கீது," என்றாள். போகவில்லை.

தொந்தி முன்னால் வந்தது, இன்ஜினியர் பின்னால் வந்தார். கைக்குட்டை, ஊதல், போன், மறுபடி ஊதல். தெருமுனையைப் பார்க்க எவருக்கும் காரணமில்லை; அத்தனை கண்ணும் இவள்மேலேயே இருந்தது. அது பழக்கமில்லாத பாரம். ஷீலாவுக்கு ஒரு வசனம் மறந்து, வேறு ஒன்று வந்தது, அதற்கும் சிரித்தார்கள். "நான் போறேன்," என்றாள் ஜானகி மறுபடியும், குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு.

லாரி வரவில்லை. வருஷத்தில் முதல் தடவையாக நாடகம் அறுந்துபோகாமல் கடைசிக் காட்சிக்குப் போய்விட்டது. இன்ஜினியருக்குத் தாகம்.

"கொஞ்சம் தண்ணி கொடும்மா," என்று அவர் பச்சைக் குடக்காரியிடம் கையேந்தினார். இவர்கள் சிரிப்பார்கள் என்றுதான் ஷீலா நினைத்திருந்தாள். சிரித்தார்கள். அடுத்தவளிடம் கேட்டார். "இன்னிக்கி வியாழன் சார், குழாயில காத்து வருது, ஊதிக்க," என்றாள் அவள். தெரு குலுங்கியது. மூன்றாமவளிடம் கேட்கும்போது ஷீலாவின் தொண்டை நிஜமாகவே வறண்டு, சொல் பாதியில் நின்றுவிட்டது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. இன்ஜினியர் நடுத்தெருவில் வாயைத் திறந்துகொண்டு நின்றார். அடுத்த வரி வரவில்லை. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

ஜானகி குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள்.

திரும்பி வரும்போது கையில் டம்ளர் இருந்தது. முந்தைய நாள் பிடித்து, வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுக்க வேண்டிய தண்ணீர். வியாழக்கிழமை அலமேலு தோட்டத்தில் மாமியாருக்கே அளந்துதான் ஊற்றுவார்கள்.

"இந்தா. குடி," என்றாள். "பெரிய ஆபீசராம். மூஞ்சியப் பாரு."

நாடகப்படி இன்ஜினியருக்கு யாரும் தண்ணீர் தரக் கூடாது. தாகத்தோடு நின்றால்தான் அவருக்குப் புத்தி வரும். அதுதான் நாடகத்தின் செய்தி. நிஷா, 'வேண்டாம், வேண்டாம்' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஷீலா டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். யாரோ கை தட்டினார்கள். நாடகம் அங்கேயே முடிந்தது, முடிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

குருபிரசாத் நிஷாவிடம் வந்தார். "அந்தத் தண்ணி கொடுக்கறது, நீங்க எழுதினதா?"

"இல்ல சார். அது நாடகத்துலயே இல்ல. அதனால எங்க முடிவே கெட்டுப்போச்சு."

"அப்ப அது என்ன?"

நிஷாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சொல் இருக்கும். இதற்கு மட்டும் ஜானகியைக் கை காட்டினாள். குருபிரசாத் ஜானகியிடம் போனார்.

"அம்மா, இந்த நாடகத்தால உங்களுக்கு என்ன பிரயோஜனம்னு நினைக்கறீங்க?"

"ஒண்ணும் இல்ல சார். கால் வலி."

"பின்ன ஏன் தண்ணி கொடுத்தீங்க?"

"தாகத்துல நின்னுகினு கீறான், பாத்துகினு சும்மா நிக்கச் சொல்றியா? இன்னா படிச்சிகீறே நீ?" என்று சொல்லிவிட்டு ஜானகி குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இது ஷீலாவின் காதில் விழுந்தது. கீறான் என்றாளா? அந்த இன்ஜினியருக்கா கொடுத்தாள்? இல்லாவிட்டால் எதிர்வீட்டு ஷீலாவின் தொண்டை நிஜமாகவே அடைத்ததைப் பார்த்துக் கொடுத்தாளா? அது வெறும் அக்கம்பக்கத்துப் பரிவுதானே? அதற்கு நாடகம் எதற்கு? அறக்கட்டளைக்காரர் என்ன சொல்வார் என்று கேட்க நிஷா கையைப் பிடித்து இழுத்தாள். அதை உதறிவிட்டு, அசோகனின் பேன்ட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் டம்ளரோடு ஷீலா ஜானகியின் பின்னால் ஓடினாள்.

"யக்கா! யக்கா, நில்லு. யாருக்குக் குடுத்தே?"

"எத்த?"

"தண்ணி. எனுக்கா, அவனுக்கா?"

ஜானகி திரும்பி, மேலும் கீழும் பார்த்தாள். அசோகனின் பேன்ட், கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி.

"டம்ளரக் குடுடி," என்றாள்.

"சொல்லு யக்கா. சொல்லிட்டுப் போ. எனுக்கா, அவனுக்கா?"

"டம்ளரக் குடுன்றேன்ல!"

ஷீலா டம்ளரைக் கொடுக்கவில்லை. ஜானகி வீட்டுக்குள் போக, இவளும் கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.